மூன்று மணி வெயில்

பொன்னுலிங்கம் அந்த மடத்துக்கு வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பையும் மனசில் ஒரு கேள்வியும் வைத்திருந்தார். இரண்டையும் பத்து மாதமாகச் சுமந்துகொண்டிருந்தார்.

மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மேற்கு மலையடியில் ஓடு வேய்ந்த நாலு அறை, ஓர் அடுப்படி, ஒரு பம்புசெட்டு. கேட்க நாதியற்ற ஒன்பது பேர் அங்கே படுத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் கோமதியம்மா. நாற்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். காவி கட்டுவதில்லை, உபதேசம் செய்வதில்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது மனசில் முள் தைத்துவிட்டால் அவரிடம் போய்க் கேள் என்றுதான் சொல்வார்கள். போகிறவனுக்குப் பதில் கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு வேலை நிச்சயம் கிடைக்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கேலியும் உண்டு.

அன்று அவர் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க."

தன்னைவிடப் பதினேழு வயது சின்னவளிடம் வந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்று பொன்னுலிங்கத்துக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மா, எங்கிட்ட ஒரு கோடிச்சேலை இருக்கு. அதை எங்க போடணும்னு தெரியல."

"யாருக்கு வாங்குனது?"

"எந்தங்கச்சிக்கு."

"போடலியா?"

"போடல."

கோமதியம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார். பொன்னுலிங்கம் சொல்லத் தொடங்கினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் இறந்துபோனால், பிறந்த வீட்டுக் கோடி வந்து சேர்ந்த பிறகுதான் அவளைத் தூக்குவார்கள். அண்ணனோ தம்பியோ ஒரு புதுச்சேலையை, தண்ணீரில் நனைக்காமல், ஊசி படாமல், கடையில் மடித்த மடிப்போடு கொண்டுவந்து அவள் மேல் போர்த்த வேண்டும். எத்தனை மாலை விழுந்தாலும் அந்த ஒரு சேலை விழவில்லையென்றால், நாதியில்லாமல் போனாள் என்றுதான் ஊர் சொல்லும்.

தங்கையின் பெயர் உலகம்மாள். ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் மகளுடைய கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அடித்த பத்திரிகை. பொன்னுலிங்கத்தின் தொழில் சுவரொட்டி ஒட்டுவது. ஊரான் பெயரையெல்லாம் நாற்பது வருடம் சுவர் சுவராக ஒட்டியவருக்குத் தன் பெயர் ஒரு காகிதத்தில் இல்லை என்பது பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. உலகம்மாள் பஸ் ஏறி இரண்டு தடவை வந்து வாசலில் நின்றாள். "தெரியாம விட்டுப்போச்சுண்ணே" என்றாள். அவர் பசை கிண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து 'வா' என்று சொல்லவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருந்துவிட்டார்.

போன வருடம் ஒருநாள் காலை எட்டு மணிக்குத் தங்கை மகன் போனில் அழுதான்.

"மாமா, அம்மா போயிட்டா."

பொன்னுலிங்கத்துக்கு உடம்பு நடுங்கியது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் நாக்கு மட்டும் ஆடவில்லை. "பொறந்த வீட்டுக்குப் போன்ல சொல்லுத வழக்கம் எப்பம் வந்துச்சு? முறையா ஆள் விட்டுச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த கையோடு கடைக்குப் போய் அரக்குக் கலரில் ஒரு நூல் சேலை எடுத்தார். அவளுக்கு அரக்குதான் பிடிக்கும். வீட்டுக்கு வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தார். மனைவி முன்பே இறந்துவிட்டாள், மகன் திருப்பூரில். போயிட்டு வாங்க என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. தெருவில் கேட்ட ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் நிமிர்ந்து பார்த்தார். ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் ஓடிவிடலாம் என்று இருந்தார். ஒருவரும் வரவில்லை.

மூன்றரை மணிக்கு அதற்கு மேல் தாங்காமல் அவராகவே கிளம்பினார். பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது ஐந்து மணி. உலகம்மாள் வீட்டுத் தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வீட்டைக் கழுவி விடுகிறார்கள்.

தெருமுனையில் ஓர் ஆள் சொன்னார். "பொறந்த வீட்டுக் கோடி வரும்னு நாலு மணி வரைக்கும் போட்டு வச்சிருந்தாங்க. ஆள் விடணும்னா அந்த வீட்டுல ஆளு ஏது? ஒரே மகன், அவந்தான் கொள்ளி வைக்கணும். பொறவு கடையில ஒரு சேலைய வாங்கிப் போத்திட்டுத் தூக்கிட்டாங்க. நீங்க யாரு?"

பொன்னுலிங்கம் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

"ஆத்துல விடுங்கான் ஒருத்தன்," என்றார் கோமதியம்மாவிடம். "எம் மனசு கேக்கல. சுடுகாட்டுக்காரன்கிட்டக் கொடுத்தேன், பொணத்து மேல விழாத துணி எனக்கு வேண்டாம்னுட்டான். வேற யாரும் கட்டவும் மாட்டாக. நான் இதை எங்கதாம்மா போட?"

கீரை உருவி முடிந்திருந்தது. கோமதியம்மா காம்புகளை ஒதுக்கினார்.

"மேக்கு ரூமுல வெயில் அடிக்கு அண்ணாச்சி. ஜன்னலுக்கு ஒரு மறைப்பு செஞ்சு தாரீகளா?"

"நான் கேட்டது…"

"செலவில்லாம செய்யணும். தைக்கவும் முடியாது. இங்க இருக்கது மருந்து ஏத்துத ஊசி மட்டுந்தான்."

பதில் கேட்டு வந்தவர்களுக்கு வேலைதான் கிடைக்கும் என்ற கேலி பொன்னுலிங்கத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் எழுந்து மேற்கு அறைக்குப் போனார்.

அது ஒடுங்கிய அறை. எதிரெதிராக இரண்டு கட்டில். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் பிச்சம்மாள் கிடந்தாள். வயது ஐம்பது இருக்கும். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவள். தானாகப் புரள முடியாது. கையை மட்டும் கொஞ்சம் தூக்குவாள். ஜன்னல் கதவுகளைக் கறையான் தின்று, கம்பி மட்டும் நின்றது. காலையில் அந்தக் கம்பி வழியே மலை தெரியும். மூன்று மணியானால் அதே வழியில் வெயில் வந்து அவள் முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து மணிக்கு மலை வந்து மறைக்கிறவரை போகாது.

"எதுத்த கட்டிலுக்கு மாத்திரலாமே," என்றார் பொன்னுலிங்கம்.

"அங்கன மலை தெரியாது அண்ணாச்சி."

"வெயில் சுடுமே."

"ரெண்டு மணி நேரந்தானே. மிச்ச நேரமெல்லாம் மலை இருக்குல்லா."

பொன்னுலிங்கம் பம்புசெட்டு அறையில் தங்கிக்கொண்டார். தெரிந்த தொழிலைத்தானே செய்ய முடியும்? டவுனுக்குப் போய் அச்சகத்தில் கழித்துப் போட்ட சுவரொட்டிகளை வாங்கி வந்தார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, கம்பிகளின் மேல் தாளுக்கு மேல் தாளாக ஒட்டினார். சுவரே இல்லாத இடத்தில் சுவரொட்டி ஒட்டிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். வெயில் நின்றது. கூடவே காற்றும் நின்றது.

மறுநாள் காலையில் கோமதியம்மா வந்து பார்த்தார்.

"நல்லா ஒட்டியிருக்கீக."

"நாற்பது வருசப் பழக்கம்மா."

"காலையில இதை எப்படித் தெறக்க?"

பொன்னுலிங்கம் திரும்பிப் பார்த்தார். பிச்சம்மாள் காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தபடி கிடந்தாள். அவர் ஒட்டியதை அவரே கிழித்தார்.

அடுத்து தென்னங்கீற்று முடைந்து கட்டினார். மலைக்காற்று அதை ஆட்டு ஆட்டு என்று ஆட்டியது. இரண்டாம் நாள் தூசி உதிர்ந்து பிச்சம்மாளின் கண்ணில் விழுந்தது. துடைக்கிற அளவுக்குக் கையில் வலு இல்லாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டே கிடந்ததை அடுப்படியில் வேலை செய்கிற பெண்தான் பார்த்துச் சொன்னாள். கீற்றும் கீழே இறங்கியது.

"ஏத்தணும், இறக்கணும்னா துணிதான் அண்ணாச்சி வசப்படும்," என்றார் கோமதியம்மா. "இங்க இருந்ததெல்லாம் கட்டுப்போடக் கிழிச்சாச்சு. உங்ககிட்டத் துணி ஏதும் இருக்கா?"

மஞ்சள் பை அவர் கக்கத்தில்தான் இருந்தது.

"இல்லம்மா."

"சரி."

அந்தச் 'சரி'யில் ஒரு குத்தலும் இல்லை. அதனாலேயே அது அவரை உறங்க விடவில்லை.

மூன்று நாள், மூன்று மணியானதும் அவர் மேற்கு அறை வாசலில் வந்து நின்றார். பங்குனி வெயில். பிச்சம்மாளின் நெற்றியும் மூக்கும் தோல் உரிந்து கிடந்தன. அவள் கையைத் தூக்கிக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்து விழுந்துவிடும். மறுபடி தூக்குவாள்.

நாலாம் நாள் அவர் பையைக் கோமதியம்மாவின் முன்னால் வைத்தார்.

"பொணத்துக்கு வாங்குனதும்மா. உசுரோட இருக்கவ தலைமாட்டுல தொங்கவிடலாமா?"

"எங்கிட்ட ஏன் கேக்கீக? தலைமாடு அவளுக்குல்லா."

பொன்னுலிங்கம் போய்ப் பிச்சம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பத்திரிகை, போன், நாற்காலி, கழுவிவிட்ட தண்ணீர், எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவள் கண் பைக்குப் போனது.

"என்ன கலரு?"

"அரக்கு."

"காட்டுங்க."

அவர் பையிலிருந்து எடுத்து ஒரு மடிப்பை மட்டும் பிரித்துக் காட்டினார். கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது. கடை ஒட்டிய சீட்டுகூடப் போகவில்லை.

"எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாது அண்ணாச்சி," என்றாள் பிச்சம்மாள். "நான் செத்தா கோடி கொண்டார ஆளும் இல்ல. பொறவு வாரது இப்பமே வந்தா நல்லதுதானே? கண்ணால பாத்துக்கிடலாம்லா."

பொன்னுலிங்கம் வெளியே போய்விட்டார். பம்புசெட்டுக்குப் பின்னால் நின்று, தங்கை இறந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கோடியில் கத்தரி படக்கூடாது, ஊசி படக்கூடாது. சேலையின் அகலம் ஜன்னலுக்குச் சாணளவு கூடவே இருந்தது. நீளத்தை நாலாக மடித்தால் உயரத்துக்குச் சரியாக வந்தது. மேல் மடிப்புக்குள் ஒரு மூங்கிலைச் செருகினார். கொடியில் சேலை காய்கிற மாதிரி அது தானாகவே தொங்கியது. கீழ் ஓரத்தில் இன்னொரு மூங்கிலை வைத்து, துணியை அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பசை தடவி அழுத்தினார். கனம் இருந்தால்தான் காற்றுக்கு ஆடாது. பக்க ஓரங்களுக்கு மெல்லிய கோடாகப் பசை. ஒரு பகல் முழுக்க நிழலில் காயவிட்டார். மறுநாள் மேல் மூங்கிலைக் கயிற்றால் கம்பியில் கட்டினார். கீழ் மூங்கிலைப் பிடித்துச் சுருட்டி மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் கயிற்றுத் துண்டால் ஒரு முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் மறைப்பு கீழே இறங்கிவிடும். அவ்வளவுதான் சங்கதி. கைக்காசு செலவாகவில்லை, ஒரு தையல் விழவில்லை.

மூன்று மணிக்கு முடிச்சை அவிழ்த்து இறக்கினார். வெயில் துணிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. அறை முழுக்க ஓர் அரக்கு நிறம் பரவியது.

"இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க அண்ணாச்சி. கோணலா இருக்கு," என்றாள் பிச்சம்மாள்.

பொன்னுலிங்கத்தின் கை அப்படியே நின்றது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. சின்னப் பிள்ளையில அவ பசை வாளியத் தூக்கிட்டு எம் பின்னாலயே வருவா. நான் போஸ்டர் ஒட்டும்போது எதுத்தாப்புல தள்ளி நின்னுக்கிட்டு, இடது பக்கம் ஏத்துண்ணே, இடது பக்கம் ஏத்துண்ணேம்பா."

"ஏத்துவீகளா?"

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் இடது பக்கத்தை ஏற்றிக் கட்டினார்.

அன்று முதல் அது அவர் வேலை ஆயிற்று. யாரும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு வந்து இறக்குவார். ஐந்து மணிக்கு மலை வெயிலை வாங்கிக்கொண்டதும் ஏற்றுவார். நடுவில் இரண்டு மணி நேரம் அவள் உலகம்மாளைப் பற்றிக் கேட்பாள், அவர் சொல்வார். பிச்சம்மாள் சிரித்தால் கட்டில் ஆடும். ஏழு வருடமாகத் தங்கை பெயரைச் சொல்லாத வாய், அந்தச் சித்திரை முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தது. துணி வெயிலுக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் அவர் கோமதியம்மாவிடம் போனார். அந்த அம்மா பானை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நெஞ்சு லேசாயிட்டு. கோடி சேர வேண்டிய இடத்துல சேந்துட்டுன்னு நெனைக்கேன்."

"அப்படியா?"

"நீங்க என்ன நெனைக்கீக?"

"பாப்போம் அண்ணாச்சி."

வைகாசி விசாகத்தன்று மடத்தில் பூசை வைப்பார்கள். ஊர்ச்சனம் வரும், சாப்பாடு நடக்கும். பந்திக்கு முன்னால், அந்த வருடம் மடத்துக்கு உழைத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டு போடுவது வழக்கம். ஊரில் ஒரு பெரியவர் கையில் சீட்டை வைத்துக்கொண்டு வாசித்தார். விறகு கொண்டுவந்தவரைக் கூப்பிட்டார். கிணறு தூர்வாரியவரைக் கூப்பிட்டார். பால் கொடுத்தவரை, அரிசி அளந்தவரை, பந்தல் போட்டவரைக் கூப்பிட்டார். பொன்னுலிங்கம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்.

பெரியவர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார்.

வேண்டுமென்று செய்த காரியமில்லை. வந்து மூன்று மாதமே ஆன ஆளின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் பொன்னுலிங்கத்தின் காதில் ரத்தம் ஏறிவிட்டது. அவர் பந்திக்குப் போகவில்லை. பம்புசெட்டுக்குப் பின்னால் போய்த் துவைகல்லில் உட்கார்ந்தார். என்னைக் காணோமென்று யாராவது தேடி வரட்டும், வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும், உடனே எழுந்து போய்விடலாம் என்று இருந்தார். பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. ஒருவரும் வரவில்லை.

மணி மூன்று என்பது அவருக்குத் தெரியும். பம்புசெட்டுச் சுவரின் நிழல் எங்கே விழுந்தால் மூன்று மணி என்று இரண்டு மாதமாகப் பார்க்கிறவர்தானே. நிழல் அந்த இடத்துக்கு வந்தது. இன்றைக்கு வேறு யாராவது இறக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதானே இந்தப் பொன்னுலிங்கம் யாரென்று தெரியும். நிழல் இன்னும் ஒரு முழம் நகர்ந்தது. வயிறு பசித்தது. வேட்டியில் ஒரு சுருக்கம் விழுந்திருந்ததை நீவிவிட்டார்.

நீவிய கை நின்றது. வெள்ளை வேட்டி, பட்டினி வயிறு, வாசலையே பார்க்கிற கண். இதே மாதிரி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மடியில் பை ஒன்றுதான் இல்லை.

ஐம்பத்தொன்பது வயது மனிதர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

மேற்கு அறையில் மறைப்பு சுருட்டியபடியே மேலே இருந்தது. முடிச்சு இரண்டும் அவர் நேற்றுப் போட்டபடியே இருந்தன. வெயில் கட்டிலில் நிறைந்து கிடந்தது. பிச்சம்மாள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். முகம் சிவந்து, உதடு வெடித்து, கண்ணோரத்திலிருந்து நீர் காது வரை வழிந்து காய்ந்திருந்தது. கட்டிலருகே ஸ்டூலில் வாழையிலைச் சாப்பாடு பிரிக்காமல் இருந்தது.

முடிச்சு இரண்டையும் அவிழ்த்தார். மறைப்பு இறங்கியது.

"அண்ணாச்சியா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"நான்தான்."

"மணி என்ன?"

"நாலு."

"சாப்பாடு கொண்டாந்தவ, இறக்கிவிடட்டுமான்னு கேட்டா. நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன்? ஏந்தாயி வேண்டாம்னே?"

"நீங்க வந்துருவீகன்னு இருந்தேன். வந்த பொறவு சேந்து சாப்பிடலாம்னு இலையையும் அப்படியே வைக்கச் சொல்லிட்டேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு வலித்தது. "அதான் வந்துட்டீகல்லா."

பொன்னுலிங்கம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கை நாலு மணி வரை எப்படிக் கிடந்திருப்பாள் என்று ஒரு வருடமாக நினைத்து நினைத்துப் பார்த்தவர். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தார்.

கோமதியம்மா கற்றாழைச் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து பிச்சம்மாளின் நெற்றியில் மெதுவாகத் தடவ ஆரம்பித்தார். வெளுத்துப்போன சேலை வழியாக வந்த வெளிச்சம் மூன்று பேர் மேலும் விழுந்தது.

"நான் இன்னும் அந்த நாக்காலிய விட்டு எந்திரிக்கவே இல்லம்மா," என்றார் பொன்னுலிங்கம்.

கோமதியம்மா மூக்கில் தடவினார்.

"கோடி சேந்துட்டுன்னு சொன்னேன். சேரல."

கன்னத்தில் தடவினார்.

"யாராவது வந்து கூப்பிடுவாகன்னு இருந்தேம்மா."

கோமதியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் மூணு மணிக்கு வெயில் வரும் அண்ணாச்சி. அது ஆள் விட்டுச் சொல்லாது."